கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மணல்? – வாசகர் கேள்வி பதில்

உப்புநீர் மீன்தொட்டி தொடர்பாகச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்கள் எல்லாம் தொட்டியின் அடியில் பரப்பும் மணலைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது தாமானில் குடியிருக்கிறேன். நன்னீர் மீன் வளர்ப்பதில் நீண்ட கால அனுபவம் உண்டு. கடல் மீன் இதுவே முதல் முறை. மகன் மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். ஒரு ஜோடி கோமாளி மீன், ஓர் உளுவை, பிறகு எளிதில் வளரக்கூடிய சில பவளங்கள் வைக்க ஆசை. பெரிய பருக்கையுள்ள பவளமணலைப் போட்டால்தான் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையாது என்கிறார் கடைக்காரர். பழைய ஈயச்சுரங்கக் குட்டை ஓரத்தில் வெள்ளை மணல் இலவசமாகக் கிடக்கும்போது காசு எதற்கு என்கிறார் நண்பர். பங்கோரில் இருந்து அள்ளி வரலாம், அதுவும் கடல்மணல்தானே என்கிறார் மருமகன். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மூவரும் மணலில் இருந்து தொடங்குகிறார்கள். தாங்கள் மீனில் இருந்து தொடங்குங்கள். கோமாளி மீன் தரையைப் பொருட்படுத்தாது. மணல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நன்றாகவே வாழும். உளுவை அப்படியல்ல. மணலைச் சலித்து உண்ணும் உளுவையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து வாய் நிறைய மணலை அள்ளும், தாடையை இரண்டு மூன்று முறை அசைக்கும், அதற்குள் மணலில் இருந்த சிறு புழுக்களும் பூச்சிகளும் வாயில் தங்கிவிட, வெறும் மணல் செவுள் மூடிகளின் வழியாக இரு பக்கமும் புகைபோல் உதிரும். நாள் முழுவதும் இதைச் செய்யும் மீனுக்கு, வாயையும் செவுளையும் கிழிக்காத, 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத, முனை மழுங்கிய மணிகள் வேண்டும். பெரிய பருக்கையை அதனால் சலிக்க முடியாது. சலிக்க முடியாத உளுவை மெலிந்துகொண்டே போகும். தாங்கள் வாங்க எண்ணியிருப்பது துப்பாக்கி இறாலோடு கூட்டாக வளையில் வாழும் உளுவை வகை என்றால், வளை சரியாமல் நிற்பதற்கு மணலோடு சில சிப்பித் துண்டுகளும் சிறு பவளத் துண்டுகளும் கலந்திருக்க வேண்டும். எனவே, எந்த உளுவை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

அடுத்தது, மணல் எதனால் ஆனது என்பது. பவளப்பாறைக் கடலின் வெள்ளை மணல் பெரும்பாலும் உயிர்கள் விட்டுச் சென்ற சுண்ணாம்பு. பவளத்தின் எலும்புக்கூடு, சிப்பி ஓடு, ஹாலிமீடா என்னும் சுண்ணாம்புப் பாசி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிர்களின் ஓடுகள் ஆகியவை உடைந்து சேர்ந்தது அது. கிளிமீன்கள் பாறையை அலகால் கடித்துப் பாசியைத் தின்றுவிட்டு எஞ்சிய சுண்ணாம்பைப் பொடியாக்கிக் கழிப்பதும் அதில் சேரும். பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு உண்டாக்குகிறது. இந்த மணலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட். கடையில் அரகோனைட் மணல் என்ற பெயரில் விற்கப்படுவதும் இதே பொருள்தான். பவளங்களோடு வாழும் மீனுக்கு இதைவிடப் பொருத்தமான தரை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பிஎச் அளவுக்காக இதை வாங்கவேண்டும் என்று கடைக்காரர் கூறுவதை அப்படியே ஏற்க முடியாது. நல்ல கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை இருக்கும். அந்த நிலையில் நீரில் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து நிறைந்திருப்பதால் அரகோனைட் கரையாது. ஏறத்தாழ 7.7க்கும் கீழே இறங்கினால்தான் கரையத் தொடங்கும், அந்த அளவுக்கு இறங்கும்வரை காத்திருப்பது மீனுக்கும் பவளத்துக்கும் நல்லதல்ல. சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் போட்ட அறையில் மனிதர் விடும் கரியமில வாயு நீரில் கலந்து பிஎச் குறைவது சாதாரணமாக நடப்பது. அதற்கு மருந்து காற்றோட்டமே தவிர மணல் அல்ல. நீரின் காரத்தன்மையைக் காப்பது தரமான கடலுப்பும் ஒழுங்கான நீர்மாற்றமும்தான்.

பெரிய பருக்கையில் வேறொரு சிக்கலும் உண்டு. 3 முதல் 5 மில்லிமீட்டர் பருக்கைகளுக்கு இடையில் உள்ள இடுக்குகளில் உணவுத் துணுக்கும் மீன் கழிவும் இறங்கிவிடும். மேலே பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். நத்தையும் புழுவும் அங்கே நுழைந்து கிளற முடியாது. சில மாதங்களில் அந்தக் கழிவு அழுகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். மாறாக, மாவுபோல் மிக நுண்ணிய மணலை எடுத்தால், பவளத்துக்குத் தேவையான நீரோட்டத்தை பம்பில் வைத்த மறுகணமே மணல் பறந்து பாறைமேல் படியும். 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையிலான மணல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் முதல் தொட்டிக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

ஈயக்குட்டை மணலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிந்தா வட்டாரத்தைச் சுற்றி வாழும் பலருக்கும் இந்த எண்ணம் வருகிறது. அந்த வெள்ளை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. குவார்ட்ஸ் நீரில் அநேகமாகக் கரைவதே இல்லை என்பதால் அது மட்டுமே இருந்தால் கேடில்லை. கவலைக்குரியது அதனோடு கலந்துகிடக்கும் கறுப்பு மணிகள். ஈயம் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கனமான கழிவை ஆமாங் என்பார்கள். அதில் இல்மனைட், சிர்கான், மோனசைட், செனோடைம் போன்ற கனிமங்கள் இருக்கும். மோனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு. ஆமாங்கைப் பதப்படுத்தும் ஆலைகள் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று இயங்க வேண்டியவை என்பதே இது விளையாட்டுப் பொருள் அல்ல என்பதைக் காட்டும். ஒரு கைப்பிடி மணலை வெள்ளைத் தட்டில் பரப்பி, வலுவான காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலாக நகர்த்திப் பார்த்தால், இல்மனைட் போன்ற இரும்பு கலந்த மணிகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் மணல் தூயது என்று பொருளல்ல. சிர்கான் காந்தத்தில் ஒட்டாது. பேரப்பிள்ளைகள் வந்து போகும் கூடத்தில் வைக்கும் தொட்டிக்கு அந்த மணலைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

மருமகன் கூறும் பங்கோர் மணலும் பவளமணல் அல்ல. பங்கோர் கருங்கல் தீவு. அங்குள்ள கடற்கரை மணல் பெரும்பாலும் அக்கல் உதிர்ந்து உண்டான குவார்ட்ஸ், இடையிடையே சிப்பித் தூள். ஒரு தேக்கரண்டி மணலில் சமையல் காடியை விட்டால் சுண்ணாம்பு மணல் நுரைத்துப் பொங்கும், குவார்ட்ஸ் சும்மா கிடக்கும். இது ஒரு நிமிடச் சோதனை. கரையோர மணலில் படகு எண்ணெய், கழிவுநீர், அழுகிய உயிர்ப்பொருள் ஆகியவை இருக்கக்கூடும். மேலும், தேசிய நிலச் சட்டப்படி மணலும் அரசு நிலத்துக்குரிய பொருளே. நில அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அள்ளுவது குற்றம். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் போன்ற கடல் பூங்காத் தீவுகளில் உண்மையான பவளமணல் இருந்தாலும், அங்கிருந்து மணலையோ பவளத் துண்டையோ எடுத்து வரும் எண்ணமே வேண்டாம். அது அந்த இடத்து உயிர்களின் வீடு.

தங்கள் தொட்டியின் தளம் 90க்கு 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 16 லிட்டர் மணல் வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்று கணக்கிட்டால் 24 கிலோ. உலர்ந்த மணல் என்றால் வாளியில் சிறிது சிறிதாகப் போட்டு, குழாய் நீரை விட்டுக் கையால் கிளறி, பால்போல் வரும் நீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள்; நீர் ஏறத்தாழத் தெளிந்ததும் கடைசி முறை ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த) நீரில் அலசுங்கள். அரிசி களைவது போன்ற வேலைதான், பொறுமை வேண்டும். தொட்டியில் முதலில் பாறைகளைக் கண்ணாடித் தளத்தின்மேலேயே அசையாமல் நிறுத்துங்கள். பிறகு அவற்றைச் சுற்றி மணலைப் பரப்புங்கள். மணலின்மேல் பாறையை வைத்தால், வளை தோண்டும் உளுவை ஓர் இரவில் அடியைப் பறித்துவிடும். சரியும் பாறை மீனை நசுக்கும், சில வேளை கண்ணாடியையே உடைக்கும். நீரை ஊற்றும்போது மணலின்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நாள் கலங்கலாக இருப்பது இயல்பே.

கேள்வி: ஈப்போ பளிங்குக்கல் சிப்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் சுண்ணாம்புக்கல்தானே, போடலாமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கெடுதல் இல்லை, பயனும் இல்லை. பளிங்கு பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் மற்றொரு வடிவம். இது அரகோனைட்டைவிடவும் கரையாதது. உடைத்த கல்லாகையால் முனைகள் கூராக இருக்கும், கழிவும் இடுக்குகளில் தங்கும். துருநிறக் கோடுகளோ மின்னும் பொன்னிறப் புள்ளிகளோ உள்ள கல்லை எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் அறிவியல் கழக மாணவர்களுக்காகப் பள்ளியில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்கிறோம். நான்கு அங்குலத்துக்கு மேல் ஆழமாக மணல் போட்டால் நைட்ரேட் தானாகவே நீங்கிவிடும் என்று படித்தேன். விடுமுறை நாட்களில் நீர் மாற்ற ஆளிருக்காது என்பதால் இது எங்களுக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. செய்யலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தாங்கள் படித்தது உண்மை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றுக்கு ஆக்சிஜன் தேவை, ஆகவே மணலின் மேற்பரப்பிலும் பாறையிலும் வாழ்கின்றன. ஆழ்ந்த மணலின் அடியில் ஆக்சிஜன் அற்ற பகுதி உண்டாகும்போது, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விடுகின்றன. 1980களில் மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்னும் ஆய்வாளர், மணலுக்கு அடியில் நீர் மட்டுமே நிற்கும் ஓர் இடைவெளியை விட்டு இதையே முறைப்படுத்தினார். மாணவர்களுக்கு நைட்ரஜன் சுழற்சியைக் கண்முன் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இருப்பினும், பள்ளித் தொட்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஆழ்மணல் முறை வேலை செய்வதற்கு மணலில் புழுக்களும் சிறு ஓட்டுயிர்களும் தொடர்ந்து குடைந்துகொண்டிருக்க வேண்டும். அவை நிலைபெறப் பல மாதங்கள் ஆகும், அவற்றைத் தின்னும் மீனையும் வைக்கக்கூடாது. அடுக்கைக் கையால் கிளறவும் கூடாது. ஆக்சிஜன் அற்ற பகுதியில் கழிவு மிகுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி, மணலில் கறுப்புத் திட்டுகள் தெரியும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது மீனுக்கு நஞ்சு. நம் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 பாகையில் அது 6.2 மில்லிகிராமாகக் குறைகிறது. மாலை இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பூட்டிய பள்ளிக்கூடத்தில் பம்பு பல மணி நேரம் நின்றால், ஆழ்மணலில் வாழும் எண்ணற்ற உயிர்கள் அந்தச் சிறிதளவு ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். மீனுக்கு எஞ்சாது.

3 சென்டிமீட்டர் மணல் போடுங்கள், மீனைக் குறைவாக வையுங்கள், மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான நடுத்தர ஆழம் மிகவும் சங்கடமானது. கழிவைத் தேக்கும் அளவுக்கு ஆழம் இருக்கும், நைட்ரேட்டை நீக்கும் அளவுக்கு இருக்காது. இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் ராஸ் இன மீன்களை வைப்பதாக இருந்தால் மட்டுமே 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் போடத் தேவை வரும். மணலே இல்லாமல் வெறும் கண்ணாடித் தளத்தோடு விடுவதும் நல்ல முறைதான், கழிவை உறிஞ்சி எடுப்பது எளிது. ஆனால் நசாரியஸ் நத்தை மணலுக்குள் புதைந்து கிடந்து, இரை விழுந்த வாசனை பட்டதும் மூக்குக்குழலை முதலில் நீட்டிக்கொண்டு எழுந்து வரும் காட்சியை மாணவர்கள் காண முடியாமல் போகும். அவர்களுக்காகவாவது சிறிது மணல் இருக்கட்டும்.

கேள்வி: ஈரப் பையில் அடைத்த உயிர்மணல் விலை அதிகமாக இருக்கிறது. அதைப் போட்டால் அன்றே மீன் விடலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட் அருகே

பதில்: விடாதீர்கள். பையில் இருப்பவை சில வகை நுண்ணுயிர்கள் மட்டுமே. அவையும் கப்பலிலும் லாரியிலும் கடை வெயிலிலும் கிடந்த பிறகு எத்தனை மீந்திருக்கும் என்பதைப் பையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியாக இறங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உலர்ந்த மணலை வாங்கி, நன்கு நிலைபெற்ற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு கோப்பை மேல்மணல் கேட்டு வாங்கிப் பரப்புவது சிறந்தது. புழுவும் சிறு ஓட்டுயிர்களும் சேர்ந்தே வரும். ஒரே எச்சரிக்கை: வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி தன் வளர்ச்சியில் ஒரு கட்டத்தில் மீனை விட்டு நீங்கி மணலிலும் பாறையிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்ளும். அண்மையில் மீன் நோயுற்ற தொட்டியில் இருந்து மணல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளை மணல் போட்டு மூன்றாவது வாரம், அதன்மேல் தேநீர்க் கறைபோல் பழுப்புப் படலம் படர்ந்துவிட்டது. கடையில் சிலிக்கா கலந்த மணலைத் தந்து ஏமாற்றிவிட்டார்களோ?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அப்படி எண்ணத் தேவையில்லை, அம்மா. அது டயாட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் மிகவும் வழக்கமானது. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது என்பது உண்மை. ஆனால் அது உறிஞ்சுவது நீரில் கரைந்துள்ள சிலிக்கேட்டை. குவார்ட்ஸ் மணல் கரைந்து சிலிக்கேட்டைத் தருவது மிக மிக அற்பம், குழாய் நீரில் வருவதே அதிகம். தாங்கள் குழாய் நீரில் உப்பைக் கரைத்திருந்தால், அடுத்த நீர்மாற்றத்திலிருந்து ஆர்.ஓ. நீருக்கு மாறுங்கள், ஆர்.ஓ. கருவியின் வடிகட்டிகள் பழையவையாக இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். மேல்மணலை மெல்லக் கிளறிவிட்டு, மணல் உண்ணும் நத்தைகள் சிலவற்றை விட்டால் போதும். சில வாரங்களில் தானே அடங்கும். படலம் பழுப்பாக இல்லாமல் சிவந்து, வழவழப்பான தோல்போல் உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்ப் படலம். அதற்குத் தீர்வு தீனியைக் குறைப்பதும் நீரோட்டத்தைக் கூட்டுவதும்.

கேள்வி: ஐயா, தாங்கள் வேண்டாம் என்னும் பெரிய பருக்கை மணலைத்தான் இரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கிளறினால் சேறாக வருகிறது. மீனை எடுக்காமல் மாற்ற வழியுண்டா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, ஆனால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மணலில் உள்ள நுண்ணுயிர்கள் தொட்டியின் வடிகட்டியில் ஒரு பகுதி. மொத்தமாக எடுத்தால் அம்மோனியா ஏறும். அதோடு அடியில் தேங்கிய கழிவும் கலங்கி மேலெழும். தரையை மனத்தால் நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, வார நீர்மாற்றத்தின்போது ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். விரலளவு தடித்த பிளாஸ்டிக் குழாயை மணலுக்குள் செருகி வாளிக்கு உறிஞ்சவிட்டால், பருக்கையும் சேறும் அழுக்கு நீரும் சேர்ந்தே வெளியேறும், தொட்டி நீர் கலங்காது. கையால் அள்ளவேண்டாம். பாறைக்கு அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அதைப் பறித்தால் பாறை சரியும். பம்புகளை நிறுத்திவிட்டு, கழுவிய புதுமணலை அகன்ற குழாய் வழியாக அடிவரை இறக்கினால் அது பறக்காமல் இருந்த இடத்திலேயே படியும். அன்றும் மறுநாளும் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். சிறிதேனும் தென்பட்டால் தீனியை நிறுத்தி, அடுத்த பகுதியைத் தொடுவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.